ஆறாம் மாடிக்கு ஒரு தூக்கு

முன்னூற்று முப்பத்தைந்து கியாட். இருநூறு நோட்டு ஒன்று, தொண்ணூறு நோட்டு ஒன்று, நாற்பத்தைந்து நோட்டு ஒன்று. அந்தக் காலத்தில் ரங்கூனில் நோட்டு அப்படித்தான் இருந்தது. பணம் பர்கத்துல்லா பாயுடையது. நான் கொடுக்க வேண்டியது. முப்பத்துமூன்று வருஷம் கொடுக்கவில்லை.

நம்பாதவர்கள் ரங்கூனில் லத்தா பேட்டைக்குப் போய், சுமை தூக்குகிற சாதிக் பாட்சாவைக் கேளுங்கள். அந்த ஆறாம் மாடி வீட்டம்மாவைக் கேளுங்கள். நான் ஒரு வார்த்தையும் கூட்டவில்லை. குறைக்கத்தான் எனக்கு ஆசை. வெட்கம் அப்படி.

என் பெயர் அழகு. வயது ஐம்பத்தேழு. இன்றைக்கும் சுமை தூக்கித்தான் சாப்பிடுகிறேன். தொண்ணூற்றிரண்டில் நானும் பாயும் ஜோடி. மூங்கில் கழியில் சுமையைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு, முன்னால் நான், பின்னால் அவர். முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். நான் "போறேன்" என்பேன். அவர் "வாறேன்" என்பார். பதில் வராவிட்டால் சுமையை அங்கேயே இறக்க வேண்டும்.

அந்த வருஷம் தை மாதம் பட்டாளத்து லாரி ஒன்று டீக்கடையை வளைத்து, இருந்தவர்களை எல்லாம் ஏற்றியது. எங்களையும்தான். மிங்கலாடோன் முகாமில் இரண்டு ராத்திரி அடைத்து வைத்தார்கள். பிறகு கரென் மலைக்காடு. அங்கே சண்டை. குண்டுப் பெட்டி சுமக்க ஆள் வேண்டும். கூலி கிடையாது, அடி உண்டு.

பன்னிரண்டாம் நாள் பாய்க்கு மலேரியா. மேட்டில் ஏறும்போது "போறேன்" என்றேன். பதில் இல்லை. கழி சரிந்தது. பாய் உட்கார்ந்துவிட்டார். பற்கள் அடித்துக்கொள்ள நடுங்கினார். சட்டைக் காலரைக் கிழித்து, ஒரு தாளில் சுற்றின பணத்தை என் கையில் திணித்தார்.

"சைதாகிட்ட கொடுத்துடு."

சைதா அவர் பெண்சாதி.

சிப்பாய் வந்தான். என்னைத்தான் கேட்டான், "இவன் நடப்பானா?"

நடப்பார் என்று சொல்லியிருக்கலாம். சுமையை என் பக்கம் கொஞ்சம் இழுத்துக் கட்டியிருக்கலாம். நான் "மாட்டான்" என்றேன். அவருக்குப் பதில் தெம்பான ஆள் ஒருவன் கிடைப்பான் என்று நினைத்தேன். அதுதான் உண்மை. பாயைப் பாதையோரம் தள்ளிவிட்டு நடந்தோம். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பது நாள் கழித்துத் தப்பி வந்தேன். ஒரே வாரத்தில் அந்தப் பணத்தைத் தின்று தீர்த்தேன். தாளை மட்டும் வைத்திருந்தேன். அதில் ஏதோ எழுதியிருந்தது. எனக்கு அப்போது எழுத்து தெரியாது. விலாசம் தெரியாமல் எங்கே போய்த் தேடுவது என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். நாற்பத்தைந்து வயதில் கோயில் வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்து கற்றேன். சாக்கும் போயிற்று. தாளில் இருந்தது ரங்கூனிலேயே தின்கன்ஜூன் பேட்டை விலாசம். அதன் கீழே ஒரு வரி. "சைதா, கொண்டு வருகிறவனுக்குச் சோறு போடு."

அதன்பிறகும் நான் போகவில்லை.

போன கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை. லத்தாவில் பழைய கட்டடம். லிஃப்ட் இல்லை. ஆறாம் மாடிக்கு ஒரு பெரிய பேட்டரி ஏற்ற வேண்டும். கரண்ட் அடிக்கடி போகிற ஊரில் இப்போது எல்லா வீட்டுக்கும் பேட்டரி வேண்டியிருக்கிறது. அன்றைக்கும் ராத்திரி ஏழு பத்துக்குக் கரண்ட் போயிற்று.

சாதிக் பாட்சா என் இப்போதைய ஜோடி. அவன் வாய் ஓயாது.

"அண்ணே, இது உங்களைவிடக் கனம். பேசாம பேட்டரியை இங்க விட்டுட்டு உங்களைத் தூக்கிட்டுப் போய் மாட்டிடலாமா?"

"பிடிடா. பேச்சு அப்புறம்."

"ஒரு நிமிஷம். வெத்தலை ஒண்ணு போட்டுக்கிட்டு வந்துடறேன்."

தெருவுக்குப் போனான். நான் கழியின் முன் நுனியைத் தோளில் வைத்துக்கொண்டு, செல்போனில் மணி பார்த்தேன். ஏழு முப்பத்தொன்று. பின் பக்கம் உயர்ந்தது. வந்துவிட்டான் என்று நினைத்தேன்.

"போறேன்" என்றேன்.

"வாறேன்."

சாதிக் வழக்கமாக "போங்க, போங்க" என்பான். வெத்தலை வாய், குரல் மாறியிருக்கும் என்று ஏறினேன்.

முதல் மாடி. சாதிக் பேசவே இல்லை. அவன் பேசாமல் ஒரு படிகூட ஏறினது கிடையாது.

இரண்டாம் மாடி. பின்னால் ஒரு செருப்புச் சத்தம். அடுத்த காலுக்குச் செருப்பு இல்லை. கட்டை தரையில் இடிக்கிற சத்தம். சப்... டொக். சப்... டொக்.

மூன்றாம் மாடி. மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தம். பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம். கழி நடுங்கியது. அந்த நடுக்கம் என் தோளுக்குத் தெரியும்.

"போறேன்..." என்றேன்.

"வாறேன்."

பாயின் குரல்.

நாலாம் மாடி. நின்றால் அவரும் நிற்பார். நான் நிற்கவில்லை.

ஐந்து. படி ஏறும்போது பாரம் பின்னால் இருப்பவன்மேல்தான் விழும். ஆனாலும் முன்னால் கொஞ்சமாவது இருக்கும். என் தோளில் கனமே இல்லை...

சப்... டொக்.

ஆறு.

கதவு திறந்தது. மெழுகுவத்தியோடு வீட்டுக்கார இந்துமதியம்மா. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார்.

"ஊலே..." என்றார். பர்மியப் பேச்சில் மாமா என்று அர்த்தம். "உங்க பின்னால நிக்கிற தாத்தாவுக்கு உடம்பு சரியில்லையா? இப்படி நடுங்குறாரே. உள்ளே வந்து உக்காரச் சொல்லுங்க."

பேட்டரி மெதுவாகத் தரையில் உட்கார்ந்தது. நான் இறக்கவில்லை.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

கீழேயிருந்து தடதடவென்று ஓடி வந்தான் சாதிக். வாயில் வெத்தலைச் சிவப்பு. "வர்றதுக்குள்ள ஒத்தையா தூக்கிட்டு வந்துட்டீங்களா? அண்ணே, நீங்க மனுஷனா யானையா?"



ராத்திரி முழுக்க ஒன்றுதான் என்னைக் குடைந்தது. குரல் பாயுடையது. ஆனால் அந்தம்மா தாத்தா என்றாரே? நான் விட்டு வந்தபோது பாய்க்கு முப்பது வயது. இரண்டு காலும் தேக்குக் கட்டை மாதிரி. செத்தவர்களுக்கு வயதாகுமா?

வியாழக்கிழமை, சேர்த்து வைத்திருந்த மூன்று லட்சத்து முப்பத்தையாயிரத்தைப் பையில் வைத்துக்கொண்டு தின்கன்ஜூனுக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் நிறையச் செருப்பு. உள்ளே தொப்பி போட்டவர்கள் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். நெய்ச்சோற்று வாசனை. ஏதோ விசேஷம், இன்னொரு நாள் வரலாம் என்று திரும்பினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது.

சுவரோரம் ஒரு கட்டைக்கால். பக்கத்தில் ஒற்றைச் செருப்பு.

வயதான அம்மா ஒருவர் வெளியே வந்தார். "யாருங்க?"

"அழகு."

படி இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"முன்னூத்து முப்பத்தஞ்சு அழகண்ணனா?"

நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாய் அந்தக் காட்டில் சாகவில்லை. கரென் ஊர்க்காரர்கள் தூக்கிப்போய்க் காப்பாற்றியிருக்கிறார்கள். பிறகு கண்ணிவெடியில் ஒரு கால் போயிருக்கிறது. ஐந்து வருஷம் கழித்து வீடு வந்து சேர்ந்திருக்கிறார். அதன்பிறகு இருபத்தெட்டு வருஷம் இதே வீட்டில் இருந்திருக்கிறார். லத்தாவிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். என்றைக்காவது ஒருநாள் நான் வந்து கதவைத் தட்டியிருந்தால், அவரே திறந்திருப்பார்.

"தேடிப் போய்ப் பாருங்களேன்னு சொல்லுவேன். வேணாம், என்னைப் பார்த்தா வெட்கப்படுவான், அவனா வரட்டும்னு சொல்லிடுவாரு" என்றார் சைதாம்மா.

"எப்போ...?"

"செவ்வாய்க்கிழமை மௌத்தாயிட்டாரு. காய்ச்சல், ஒரே நடுக்கம். கட்டிலுக்கு எதிர்லதான் கடிகாரம். ஏழு முப்பத்தொண்ணு."

பணத்தை நீட்டினேன். அவர் தொடவில்லை.

"கடைசிப் பேச்சும் உங்களைப் பத்தித்தான் அண்ணே. 'நடுமேட்டுல அவனை ஒத்தையா விட்டுட்டு நான் உக்காந்துட்டேன். அழகுக்கு ஒரு தூக்கு பாக்கி. போய் முடிச்சுட்டு வந்துடறேன். அதோட அவன் காசுக் கணக்கையும் அடிச்சுடு'ன்னாரு. காய்ச்சல்ல என்னமோ உளறுறாருன்னு நெனச்சேன்."

அவரை விட்டு வந்தது நான். பாக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தது அவர்.

"அது அடிச்சாச்சு. பணத்தை உள்ளே வைங்க" என்றார் சைதாம்மா. "எழுந்து வாங்க. கையைக் கழுவிட்டு உக்காருங்க."

உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் தட்டு வைத்துச் சோறு போட்டார்.