விலாவில் கட்டிய துண்டு

அன்று வீட்டில் நான் இருந்தேன். என் மனைவி பேச்சியம்மாள் இருந்தாள். எட்டு வயது மகள் செல்வி பாயில் கிடந்தாள். உப்பளத்தில் என்னோடு மூட்டை தூக்கும் சுடலை அண்ணாச்சியும் வந்திருந்தார்.

செல்விக்குப் பிறந்ததிலிருந்து சிக்கிள் செல் என்னும் ரத்த நோய். அடிக்கடி கை கால் வலிக்கும், மாத்திரையில் அடங்கும். அன்று காய்ச்சலோடு விலா வலித்தது.

"பிடிப்புதாம்லே. துண்டை இறுக்கிக் கட்டு, கேட்டுரும்" என்றார் அண்ணாச்சி. மூட்டை தூக்கி விலா பிடித்தால் நாங்கள் அப்படித்தான் கட்டிக்கொண்டு வேலை பார்ப்போம். மகளுக்கும் கட்டினேன். அவள் அசையாமல் படுத்திருந்தாள். வலி விட்டது என்று நினைத்தேன்.

மதியம் பேச்சி கூப்பிட்டாள். "இங்கன வந்து பாருங்க, புள்ள உதடு நீலமா இருக்கு."

துண்டை அவிழ்த்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். துண்டு கட்டியதைச் சொன்னேன். டாக்டரம்மா எக்ஸ்ரே பார்த்தார். "நோய் நுரையீரலைப் பிடிச்சிருக்கு. இந்த நோய்க்காரப் பிள்ளைக்குக் காய்ச்சலும் நெஞ்சு வலியும் சேந்து வந்தா உடனே வரணும். நல்லா மூச்சு இழுக்க வேண்டிய பிள்ளையக் கட்டி வச்சிருக்கீங்க."

ஆக்சிஜன் வைத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. கூட வந்த அண்ணாச்சி வார்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

ஐந்தாம் நாள் செல்வி பேசினாள். "இனி துண்டு கட்டாதீங்கப்பா."

கட்டுவதில்லை. காய்ச்சல் என்றால் காத்திருப்பதும் இல்லை. நர்சு சொல்லிக்கொடுத்தபடி, வேலைக்குப் போகுமுன் தூங்கும் மகளின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணுகிறேன். இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று ஐம்பத்திரண்டு.

இன்று காலை இருபத்திரண்டு.