பெரியம்மாவின் பிறந்த வீடு

பெரியம்மா பிறந்தது எங்கள் ஊர் ரயில் நிலையத்தின் காத்திருப்பு அறையில். பிரசவத்துக்குக் கோவில்பட்டி போக அவள் அம்மா அங்கே காத்திருந்தாளாம். ரயில் தாமதம். தாமதம் என்பது பெரியம்மாவுக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை. அவள் வாக்கப்பட்டதும் உள்ளூரில்தான். பெரியப்பாவோடு சண்டை வந்தால், "நான் பொறந்த வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிப் போய் அந்த அறையின் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். சாயங்காலம் பெரியப்பா பூ வாங்கிக்கொண்டு போய் அழைத்து வருவார். ஊரே சிரிக்கும். நான் எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரிப்பேன்.

அகலப் பாதை போட்டதும் எங்கள் ஊரில் ரயில் நிற்பது நின்றுபோனது. நிலையத்தை இடிக்க ஏலம் விட்டார்கள். இதற்கிடையில் ரயில் அருங்காட்சியகத்து அதிகாரிகள் வந்து, கல் வளைவையும் தேக்குக் கதவையும் தடவிப் பார்த்தார்கள். "இதை இப்படியே மியூசியமாக்கிடலாம்மா. உத்தரவு வாங்கிட்டு வர்றோம், அதுவரைக்கும் இடிக்க விடாதீங்க" என்று அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். உத்தரவுக்கு முன்னால் பொக்லைன் வந்துவிட்டது.

பெரியம்மா பதறவில்லை. சாக்குச் சாக்காக மிளகாய் வத்தலைக் கொண்டுபோய், பிளாட்பாரத்திலிருந்து அறை வாசல் வரை கொட்டிப் பரப்பினாள். காயப்போட்ட வெள்ளாமையை மிதிக்கக் கரிசல்காட்டில் யாருக்குக் கால் வரும்? ஏலம் எடுத்தவர் கிட்டே வரும்போதெல்லாம் கம்பால் வத்தலைக் கிளறிவிட்டாள். நெடி ஏறி அவர் பேச வந்ததையெல்லாம் தும்மியே தீர்த்தார்.

"நாலு வெயிலு காயட்டும் அண்ணாச்சி. பொறவு இடிங்க."

எனக்குப் பொறுக்கவில்லை. "பெரியம்மா, இது சண்டு வத்தல்லா? குப்பையில கொட்டத்தான வச்சிருந்தோம்?" என்று கத்தினேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

பொக்லைன் டிரைவர் இறங்கி வந்தார். நாகலாபுரத்துக்காரர், வத்தலோடு வளர்ந்தவர். வெளுத்துச் சுருங்கிய ஒன்றை எடுத்துப் பார்த்தார், பெரியம்மாவையும் பார்த்தார்.

"நல்ல வத்தல்தான். காயட்டும்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

உத்தரவு வந்தது, கட்டிடம் பிழைத்தது. இன்று அந்த அறையில் பழைய மணியும் கைவிளக்கும் வைத்திருக்கிறார்கள். பெஞ்சில் 'உட்காரக் கூடாது' என்று எழுதியிருக்கிறது. பெரியம்மா அதில்தான் உட்காருகிறாள். காவலாளி ஏதாவது சொன்னால், "ஏலே, பொறந்த வீட்டுல உக்காருததுக்கு யார்ட்ட கேக்கணும்?" என்பாள்.

உண்மையைச் சொன்னதற்கா கிள்ளினாள் என்று எனக்கு வெகுநாள் கோபம். அவளைப் பெற்றவர்கள் போனதுமே அண்ணன்மார் வீட்டை விற்றுவிட்டார்கள் என்பதும், கோபித்துக்கொண்டு போக அவளுக்கு வேறு வாசலே இல்லை என்பதும் அந்த வயதில் எனக்கு எங்கே தெரிந்தது?

போன மாதம் என் அண்ணன் எங்கள் வீட்டை விலை பேசி முடித்துவிட்டான். சேதி வந்ததும், நான் வாக்கப்பட்ட எட்டயபுரத்திலிருந்து பஸ் ஏறி நேரே அந்தப் பெஞ்சுக்குத்தான் போனேன். பெரியம்மா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.