குறுக்கே கிடந்த வேப்பங்கொத்து

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். போன பிப்ரவரி வரை நானும் உங்கள் கட்சிதான். ஆனால் இது எனக்கும் என் மனைவி ஜெஸ்ஸிக்கும் நடந்தது. நேரத்தைக்கூடச் சரியாகச் சொல்வேன். பயத்தில் வாட்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திண்டுக்கல்லில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பேர் சேர்ந்து மலையடிவாரத்தில் நடக்கப் போவோம். முன்னால் நடப்பவர் மணிமாறன் அண்ணன். எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. பாதை பிரியும் இடத்தில், போகக்கூடாத பாதையின் குறுக்கே அவர் ஒரு பச்சைக் கொத்தை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவார். பின்னால் வருபவர்கள் மற்றப் பாதையில் போக வேண்டும்.

அன்று ஆத்தூர் அணைக்கு மேலே நடந்தோம். ஜெஸ்ஸிக்கு அதுதான் முதல் தடவை. முழங்கால் வலி வேறு. அவளுக்கு ஆமை தேவலை. துணைக்கு நானும் பின்தங்கினேன்.

மாலை 5.35. பாதை இரண்டாகப் பிரிந்தது. இடது பாதையில் ஒரு கல்லின்மேல் தழை குவிந்து கிடந்தது. காய்ந்ததும் பச்சையுமாக.

"மணிமாறன் அண்ணன் இன்னைக்கு ஒரு தோப்பையே ஒடிச்சுப் போட்டிருக்காரு" என்றேன். ஜெஸ்ஸி சிரித்தாள். முகத்தில் மொய்த்த ஈக்களை விரட்ட, மேலே கிடந்த வேப்பங்கொத்து ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

வலது பக்கம் திரும்பினோம்.

5.50. அடுத்த பிரிவிலும் குறுக்கே ஒரு வேப்பங்கொத்து. 5.58. முன்னால் யாரோ சருகில் நடக்கும் சத்தம் கேட்டது. அப்புறம்... சடக். கொத்து ஒடியும் சத்தம்.

"அண்ணே! செத்த நில்லுங்க!"

சருகுச் சத்தம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

6.12. மூன்றாவது பிரிவு. இங்கேயும் ஒரு பாதையை மறித்துக் கொத்து கிடந்தது. ஒடித்த இடம் ஈரமாக இருந்தது. ஜெஸ்ஸி என் கையைப் பிடித்தாள்.

"என்னங்க... இங்க வேப்பமரமே இல்லையே."

சுற்றிப் பார்த்தேன். வேலிக்கருவை. கள்ளி. அவ்வளவுதான்.

போன் அடித்தது. மணிமாறன் அண்ணன்.

"எங்கப்பு இருக்க? நாங்க வேன்கிட்ட வந்து அரை மணி நேரமாச்சு."

"நீங்க போட்ட கொத்தப் பாத்துத்தானண்ணே வாரோம்."

"நான் இன்னைக்கு ஒரு எடத்துலயும் போடலையே..."

லைன் போய்விட்டது.

திறந்திருந்த பாதையில்... சடக்.

மிகப் பக்கத்தில்.

குறுக்கே கிடந்த கொத்தைத் தாண்டினேன். ஜெஸ்ஸியை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

பின்னால்... சடக். சடக். சடக்.

திரும்பவில்லை.

6.31. அணைக்கரை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த கருப்பணன் என்பவர் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். ஜெஸ்ஸியின் கையில் இன்னும் அந்தக் கொத்து. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"அந்தக் கல்லுலருந்தா எடுத்தீக?"

தலையாட்டினேன். வழியெல்லாம் கொத்து கிடந்ததையும், கடைசியில் அதைத் தாண்டி ஓடி வந்ததையும் சொன்னேன்.

"வழி தப்பி வந்த ஆளு ஒருத்தன் கெணத்துல விழுந்து செத்தான். தூக்கியாந்து கெடத்துன எடம் அது. அந்தப் பக்கம் போறவக ஆளுக்கொரு கொத்துப் போட்டுட்டுத்தான் போவோம். யாரும் எடுக்க மாட்டோம்."

"கெணறு எங்க இருக்கு?"

"மூணாவதா பாதை பிரியுமே, கொத்து இல்லாத பக்கம்னீகளே... அங்கனருந்து இருவது எட்டு. சுத்துச்சுவரு கெடயாது."

ஜெஸ்ஸி கொத்தை அவரிடமே கொடுத்தாள். காலையில் கல்லில் போட்டுவிடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

மறுநாள் காலை 5.40. பால் எடுக்க ஜெஸ்ஸி கதவைத் திறந்தாள்.

"என்னங்க..."

ஓடினேன். நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி.

வாசலின் குறுக்கே ஒரு வேப்பங்கொத்து. ஒடித்த இடம் ஈரமாக இருந்தது.

எங்கள் வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது.