நான் திட்டாத மதியம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பசுமலைக் கல்லூரியில் நான் ஒரு பிள்ளையைத் திட்டினால் திருப்பரங்குன்றத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்குக் கேட்கும் என்று பி.காம் பிள்ளைகள் கேலி பேசுவார்கள். கணக்குப் பதிவியல் நடத்துகிறவளுக்கு வேறு வழியில்லை என்பது என் கட்சி. பற்று எது, வரவு எது என்று தடுமாறுகிறவர்களைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே போனால் அவர்கள் கடைசி வருடத்திலும் தடுமாறுவார்கள்.

ஊரடங்கில் வகுப்புகள் வீட்டுக்குள் நுழைந்த பிறகு என் திட்டு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தது. மகனுடைய பழைய லேப்டாப்பை அரிசிச் சம்படத்தின் மேல் ஏற்றி, பின்னால் சுவரில் ஒரு சின்னக் கரும்பலகையை மாட்டி வகுப்பெடுப்பேன். பிள்ளைகள் சிக்னல் கிடைத்த இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தன் உசிலம்பட்டிப் பக்கம் மாட்டுக்கொட்டகையில், ஒருத்தி மேலூரில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில். ஒருமுறை நான் ஒரு பையனைத் திட்டி முடித்ததும், "நல்லாக் கேளுங்க மேடம், நாங்க சொன்னா எங்க கேக்குறான்" என்று அவன் அம்மா மைக்கில் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு வகுப்பே சிரித்தது.

அந்த முதல் வருடப் பிள்ளைகளை நான் நேரில் பார்த்ததே இல்லை. கல்லூரி வாசலை மிதிக்காமலே வருடத்தை ஓட்டிக்கொண்டிருந்த கூட்டம் அது. கேமரா போட்டால் டேட்டா தீர்ந்துவிடும் என்பதால் எல்லோரும் கறுப்புக் கட்டங்களாகத்தான் வருவார்கள். குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்வேன். இரண்டாம் அலை வந்தபோது அந்தக் கட்டங்களைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஒரு கட்டம் ஒரு நாள் வரவில்லை என்றால் அந்த வீட்டுக்கு ஃபோன் போட வேண்டும். பிள்ளைகளைப் பிரித்துக் கொடுத்து, வீடு வீடாக விசாரிக்கும் வேலையைக் கல்லூரி எங்களிடம் விட்டிருந்தது. மணி அடித்துக்கொண்டே இருக்கும்போது, எடுக்கப்போவது யார், என்ன சொல்லப்போகிறார்கள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். இன்றும் ஃபோனில் அந்த மணியைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடிவதில்லை. எழுந்து நடந்துகொண்டேதான் பேசுகிறேன்.

அப்படி நான் தினமும் விசாரித்த வீடுகளில் ஒன்று சிம்மக்கல்லில் இருந்தது. அப்பா பழக்கடை வைத்திருந்தார். ஒரே பெண். கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் கேள்வியை முழுதாகக் கேட்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். "அவசரக்குடுக்கை" என்று அவளை நான் திட்டாத வாரம் கிடையாது. அவள் அம்மாவுக்கு மூச்சுத் திணறி, பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அப்பா அங்கேயே கிடந்தார். இவளுக்கும் தொற்று, லேசாக. வாசலில் பிளீச்சிங் பவுடர் தூவிய மாடிவீட்டில் தனியாக இருந்தாள். கீழ்வீட்டு அம்மா சாப்பாட்டைப் படியில் வைத்துக் கைதட்டிவிட்டு இறங்கிப் போய்விடுவார். யாரும் எட்டிப் பார்க்காத வகுப்புகளில்கூட அவள் கட்டம் மட்டும் இருக்கிறது என்று மற்ற ஆசிரியர்கள் சொன்னார்கள். படிப்பு ஆர்வம் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்த வீட்டில் வேறு மனிதக் குரல் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்றைக்கு மதிய வகுப்பு. தேய்மானம் நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த என் ஃபோன் அதிர்ந்தது. அவள் அப்பா. லேப்டாப்பில் மைக்கை அணைத்துவிட்டு எடுத்தேன்.

"மேடம், அவ போயிட்டா" என்றார்.

அவரே தொடர்ந்தார்.

"பிள்ளைக்கு இன்னும் தெரியாது. தத்தனேரி சுடுகாட்டுக்குக் கொண்டுபோறாங்க. நான் அங்க முடிச்சுட்டுத்தான் வர முடியும். பிள்ளை ஒத்தையில கெடக்கு மேடம். ஒத்தையில இருக்கும்போது அதுக்குத் தெரியக்கூடாது. ஃபோன் போட வேணாம்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். ஆனா இந்நேரம் எவனாச்சும் ஸ்டேட்டஸ் போட்டுருப்பான். நான் வர்ற வரைக்கும் கிளாஸ நிறுத்தாதீங்க. அவ ஃபோனத் தொடாம பாத்துக்கங்க."

அவர் பயந்ததில் தப்பில்லை. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் தெருமுனையில் போஸ்டர் ஒட்டிவிட்டுத்தான் மறுவேலை. ஊரடங்கில் அச்சகம் பூட்டியிருந்ததால் அந்த அவசரம் முழுக்க ஃபோனுக்கு வந்துவிட்டது. உடம்பு ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புவதற்குள், பூ வைத்த படமும் கண்ணீர் அஞ்சலியும் சொந்தக்காரர்கள் ஃபோன்களில் ஏறிவிடும். தனி வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் போதும், அவள் அம்மா அங்கே மாலையோடு இருப்பாள்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இதை என் தலையில் கட்டிவிட்டாரே என்று அந்த மனிதர் மேல் வந்தது. அவருக்கு வேறு யார் இருந்தார்கள் என்று யோசித்ததும் போய்விட்டது.

மைக்கைப் போட்டேன். "எல்லாரும் கேமராவ ஆன் பண்ணுங்க. ஃபோனச் சாய்ச்சு நிக்க வைங்க. எழுதுற கை எனக்குத் தெரியணும். ஒருத்தரும் ஃபோனைத் தொடக் கூடாது" என்றேன். ஏதோ பரீட்சை என்று நினைத்துப் பிள்ளைகள் முனகினார்கள். கட்டங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவள் முகத்தை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். ஒல்லியாக, எண்ணெய் வைக்காத தலையோடு இருந்தாள். பின்னால் பச்சைச் சுவர். அதன் முன்னால் கொடியில் ஒரு பூப்போட்ட நைட்டி காய்ந்துகொண்டிருந்தது. அது அவளுடையது இல்லை என்று அளவைப் பார்த்ததுமே தெரிந்தது. அந்த நைட்டியைப் பார்க்காமல் பாடம் நடத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கணக்குக்கு மேல் கணக்காகக் கொடுத்தேன். எந்திரம் வாங்கினார்கள், நிறுவினார்கள், பாதியில் விற்றார்கள். வகுப்பு நேரம் முடிந்தது. அடுத்து வரவேண்டிய ஆசிரியருக்கு ஒரு வரி அனுப்பினேன். காரணம் கேட்காமல் தன் நேரத்தையும் எனக்குக் கொடுத்துவிட்டார்.

அவளை ஒரு கேள்வி கேட்டேன். கேட்காமல் விட்டால் அவளுக்குச் சந்தேகம் வரும் என்று நினைத்தேன்.

"தேய்மானத்தைச் சொத்து மதிப்புல என்ன செய்யணும்?"

அவள் மைக்கைத் திறந்ததும் முதலில் சைரன்தான் கேட்டது. ஆஸ்பத்திரியும் தத்தனேரியும் ஆற்றுக்கு அந்தப் பக்கம். காய்ந்து கிடக்கும் வைகையைத் தாண்டி அந்தச் சத்தம் சிம்மக்கல் மாடிகளுக்குத் தெளிவாக வரும். அந்த நாட்களில் சைரன் ஓயவே இல்லை. ஆனாலும் இது அந்த வண்டியாக இருக்குமோ என்று நினைத்தேன். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"கூட்டணும் மேம்" என்றாள்.

கழிக்க வேண்டியதைக் கூட்டச் சொல்கிறாள். வேறு நாளாக இருந்தால் அவளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

"பரவாயில்லம்மா. இன்னொரு தடவ பாரு" என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேமராவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, அடுத்த கணக்கிலும் அதே தப்பைச் செய்து படித்துக் காட்டினாள். "சரிம்மா, மெதுவாப் போடு" என்றேன். அதற்குப் பிறகு அவள் எதையும் தப்பாகச் செய்யவில்லை.

டேட்டா தீர்ந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். சிலர் சொல்லிக்கொண்டு போனார்கள், சிலர் சும்மா மறைந்தார்கள். கடைசியில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். வெயில் இறங்கி அந்தப் பச்சைச் சுவர் மங்கத் தொடங்கியிருந்தது. என் தொண்டை கட்டிவிட்டது. நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று பேசிக்கொண்டே இருந்தேன்.

அவள் மைக் வழியாக ஒரு பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. என் ஃபோனில் அவள் அப்பாவின் செய்தி வந்தது. வந்துவிட்டாராம், கீழே நிற்கிறாராம், வகுப்பை முடிக்கலாமாம்.

"இன்னைக்கு இது போதும்மா" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "மேம், இன்னொரு கணக்கு போடலாமா?" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தெரிந்துகொண்டேதான் இவ்வளவு நேரமும் எனக்கு எதிரே உட்கார்ந்து கோடு போட்டு, தொகை எழுதி, கூட்டிக் கழித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு கணக்கைச் சொன்னேன். அவசரக்குடுக்கையான அந்தப் பெண், அதை முடிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள். அவள் அப்பா மேலே ஏறி வரவில்லை. அவருக்கும் படி ஏறக் கால் வரவில்லையோ என்னவோ. விடையைப் படித்தாள். சரியாக இருந்தது. "தேங்க்யூ மேம்" என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டு வெளியேறினாள். திரையில் என் முகம் மட்டும் பெரிதாக வந்தது. அதை அணைக்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டுக்காரர் வந்து விளக்கைப் போடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கல்லூரி திறந்தபோது அவள் இரண்டாம் வருடத்துக்கு வந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண்ணைப் பார்த்தே அடையாளம் கண்டுகொண்டேன். ஆசிரியர்கள் எல்லோரும் அவளிடம் பதமாகத்தான் பேசினோம். தாமதமாக வந்தால் யாரும் கேட்பதில்லை. கூடப் படிக்கிறவர்கள் வரிசையில் அவளுக்கு வழி விட்டார்கள். ஒரு நாள் பலகையில் அவள் ஒரு பதிவைப் பற்று, வரவு பக்கம் மாற்றி எழுதினாள். "பரவாயில்லம்மா" என்று நானே போய்த் திருத்தினேன். சாக்பீஸை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மாலை ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அன்னைக்கு ஃபோன் வந்ததும் உங்க முகம் மாறிருச்சு மேம். அதான் வேணும்னே தப்பாச் சொன்னேன். நீங்க திட்டுவீங்களான்னு பாக்க. ரெண்டு தடவ பாத்தேன்."

கையிலிருந்த நோட்டை மூடி வைத்தேன்.

"நீங்க பரவாயில்லன்னு சொன்னப்பதான் மேம் எங்கம்மா செத்துப்போச்சு. இப்ப எல்லாரும் எங்கிட்ட அப்படித்தான் பேசுறாங்க. கடையில, பஸ்ல, கீழ்வீட்டு அத்தைகூட. யாராச்சும் மெதுவாப் பேசுனாலே பக்குங்குது, இன்னைக்கு யாரோன்னு. அப்பாவுக்குத்தான் ஏதோ ஆயிருச்சோன்னு. நீங்களாச்சும் அப்படிப் பேசாதீங்க மேம்."

சொல்லிவிட்டுப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளைத் தனியாக விடக்கூடாது என்று அந்த மதியம் முழுக்க நான் காவல் காத்தேன். என் வாயிலிருந்து வந்த ஒரு நல்ல வார்த்தையோடு அவள் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்திருக்கிறாள். அந்த வார்த்தையை இப்போதும் யாரிடமாவது சொல்ல வாயெடுத்தால் சைரன் கேட்கிறது.

மறுநாள் அவளைப் பலகைக்கு அழைத்தேன். நடுவில் ஒரு கூட்டலில் பிசகினாள். வேண்டுமென்றா, நிஜமாகவா என்று எனக்குத் தெரியாது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? ரெண்டாவது வருசம் வந்தாச்சு, இன்னும் ஒழுங்காக் கூட்டத் தெரியல. அம்புட்டையும் அழிச்சுட்டு முதல்ல இருந்து போடு" என்று கத்தினேன்.

வகுப்பு முழுக்க என்னை வெறுப்போடு பார்த்தது. "அம்மா இல்லாத பிள்ளை மேம்" என்று பின்வரிசையில் ஒருத்தி, எனக்குக் கேட்கும்படியே சொன்னாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். டஸ்டரை எடுத்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட ஆரம்பித்தாள்.