ராத்தாவின் பெயர் இருந்த பட்டியல்

எனக்கு மூத்தவளான ராத்தாவைக் கட்டிய மச்சான் கல்முனைக் கடைத்தெருவில் கம்பியூட்டர் கடை வைத்திருந்தார். அந்தத் தெருவில் களவுச் சீடி விற்காத ஒரே மனிதர் அவர்தான். கட்டாரில் வேலை செய்துவிட்டுத் திரும்பும்போது மற்றவர்கள் கம்பளியும் ரேடியோவும் கொண்டுவருவார்கள். இவர் லினக்ஸ் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். அது யாருடைய சொத்தும் இல்லையாம், ஆக்கியவர்களே பங்குபோட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

"களவெடுத்த சாமான வித்து பிள்ளைக்குச் சோறு போட ஏலா" என்பார். சரி, ஹலாலான சாமானை யார் வாங்கினார்கள்? எதிரே இருந்த முன்கடையில் கார் ஓட்டுகிற விளையாட்டு, சுடுகிற விளையாட்டு எல்லாம் பிரதியெடுத்த சீடிகளாகக் குவிந்து கிடக்க, எங்கள் கடைக்கும் அதே எண்ணத்தில் ஆட்கள் வருவார்கள். மச்சான் பெருமையாகத் தன் சீடியைப் போட்டுக் காட்டுவார்.

"இதுல கார் இல்லயா காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்பார்கள்.

"கார் இல்ல. பென்குயின் இரிக்கி. பனியில சறுக்கும், பாருங்க."

பார்ப்பார்கள். எங்கள் ஊர் வெயிலில் நின்று பனியைப் பார்த்துவிட்டு, முன்கடைக்குப் போய்க் கார் வாங்குவார்கள். தெருவில் எங்கள் கடைக்குப் பென்குயின் கடை என்றே பெயர் விழுந்துவிட்டது. "உங்கட கடையில ஓடுற ஒரே சாமான் ஃபேன்தான்" என்று ராத்தா பகிடி பண்ணுவாள். மச்சானுக்கு அந்தப் பகிடி பிடிக்கும். அவள் என்ன சொன்னாலும் பிடிக்கும்.

மத்தியானம் சோற்றுக் கரியரோடு கடைக்குப் போகிறவள் பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகுதான் திரும்புவாள். அபாயாவின் கையை முழங்கைவரை சுருட்டிவிட்டுக்கொண்டு, மேசையோரம் இருந்த மச்சானின் சொந்தக் கம்பியூட்டரில் உட்கார்ந்துவிடுவாள். அவளுக்குப் பிடித்தது கலர் உருண்டைகளை மேலே எறிகிற விளையாட்டு. ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் உதிரும். சேராவிட்டால் கூரை கீழே இறங்கிக்கொண்டே வரும். தோற்றால் உருண்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளையாய் உறைந்துவிடும். முடிவில் ஒரு பட்டியல் வரும். கூடப் புள்ளி எடுத்த பத்துப் பேருக்குத்தான் அதில் இடம். புதிதாக ஒருவர் ஏறினால் பத்தாவது பெயர் கீழே விழுந்து இல்லாமல் போகும். அந்தப் பத்து வரியும் அவர்கள் இரண்டு பேருடைய பெயராலேயே நிரம்பியிருந்தன. எதற்கெல்லாமோ புருசன் பெண்சாதி சண்டை பிடிப்பார்கள். இவர்கள் அந்த முதல் வரிக்குச் சண்டை பிடித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். வாப்பா தன்னிடம் இருந்ததையெல்லாம் போட்டு ராத்தாவுக்குக் கடற்கரைப் பக்கம் ஒரு கல்வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, உம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு மேற்கே ஒரு சின்ன வீட்டுக்கு வந்திருந்தார். ராத்தாவின் மகளுக்கு அப்போது இரண்டு வயது. அவள் பாதி நாள் என் பாயில்தான் கிடப்பாள்.

இரண்டாயிரத்து நாலு மார்கழி, அந்த ஞாயிற்றுக்கிழமையும் பிள்ளை என்னோடுதான் இருந்தாள். ராத்தா எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். மச்சான் விடியக் கடைக்குப் போய்விட்டு, எட்டு மணிக்கு முந்தி வீட்டுக்குத் திரும்பி வந்து, அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. நான் ரொட்டி சுட்டு வைத்திருந்தேன். எட்டரை ஆகியும் ஆளைக் காணவில்லை. ரொட்டி ஆறிப்போகிறதே என்று அவளை ஏசிக்கொண்டு அடுப்படியில் நின்றேன். ராத்தாவைப் பற்றி நான் கடைசியாக வாயால் சொன்னது அந்த ஏச்சுத்தான்.

கடல் வந்தது. மூன்றாம் நாள் அவளுடைய ஜனாஸா கிடைத்தது. அதற்கு மேல் அதை எழுத என்னால் ஏலாது.

கம்பியூட்டர் எடுக்க வந்த ஒரு கஸ்டமர் பிடித்து வைத்துக்கொண்டான், அதனால்தான் நேரத்துக்குப் போகக் கிடைக்கவில்லை என்று மச்சான் சொன்னார். கடை ரோட்டுக்கு இப்பால் இருந்ததால் தண்ணீர் அங்கே வரவில்லை. அந்தக் கஸ்டமரை நான் கண்டதில்லை, பெயரும் தெரியாது. ஆனால் தொழுத கையோடு அவனுக்குப் பதுவா கேட்டிருக்கிறேன், அவன் நாசமாய்ப் போகவேண்டும், அவனுக்கு ஒரு நாளும் நிம்மதி கிடைக்கக் கூடாது என்று. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருடக் கணக்காகக் கேட்டேன்.

நாற்பதாம் நாள் கத்தம் முடிந்து மச்சான் கடையைத் திறந்தார். நிவாரண வேலைக்கு வந்த அலுவலகங்களின் கம்பியூட்டர்கள் எல்லாம் திருத்துவதற்கு எங்களிடம் வந்தன. பென்குயின் கடையை ஓட வைத்தது சுனாமிதான் என்று சொல்லவே வாய் கூசுகிறது. ஒரு வருடம் போனதும் பெரியவர்கள் கூடிக் கதைத்தார்கள். பிள்ளை என் கையில் வளர்கிறது, வேறொருத்தி வந்தால் எப்படிப் பார்ப்பாளோ என்றார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. எனக்கும் அவருக்கும் காவின் எழுதிக் கலியாணம் முடித்துவைத்தார்கள். அதற்கு முந்தியும் அவரை மச்சான் என்றுதான் கூப்பிட்டேன், அதற்குப் பிறகும் மச்சான்தான். ராத்தாவின் வளவில் இனி வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் கயிறு பிடித்துவிட்டது. எனக்கென்று இன்னொரு வீடு கட்ட வாப்பாவிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஆகையால் கடைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறையில் குடியேறினோம்.

"ராத்தாட இடத்துக்கு வந்திரிக்கிற, நல்லாப் பாத்துக்க" என்று எல்லாரும் எனக்குச் சொன்னார்கள். இடத்துக்கு வந்து உட்காருகிறதற்கு அவள் எழும்பிப் போனவளா? பிள்ளையை மட்டும் என்னை உம்மா என்று கூப்பிட நான் விடவில்லை. சின்னம்மா முறையில் சாச்சி என்றே பழக்கினேன். அந்த ஒன்றையாவது அவளுக்கு விட்டுவைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ராத்தா விளையாடிய அந்தக் கம்பியூட்டரை மச்சான் யாரையும் தொடவிடவில்லை. ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு அவர் மட்டும் அதில் ஒரு ஆட்டம் ஆடுவார். நானும் மற்றக் கம்பியூட்டரில் ஆடிப் பழகியிருந்ததால் பார்த்தவுடன் விளங்கும். நன்றாக ஆடிக்கொண்டு வருவார். பட்டியலில் ஏறப் போகிற நேரத்தில் வேண்டுமென்றே உருண்டையைப் பிழையான பக்கம் எறிவார். எல்லாம் உறைந்துபோகும். பட்டியல் வரும். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏன் மச்சான் இப்பிடித் தோக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கை வழுக்கிட்டு புள்ள."

எனக்கு விளங்கியது. அதிலிருந்து ஒரு பெயரும் விழுந்துவிடக் கூடாது. மூன்று வருடத்துக்கு மேல் அவர் அப்படித் தோற்றுக்கொண்டே இருந்தார், நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசி மாதம். பொத்துவிலில் ஒரு அலுவலகத்துக்குக் கம்பியூட்டர் பூட்டிக் கொடுக்கிற வேலை, நாலு நாள் அங்கேயே தங்க வேண்டும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "பிள்ளையப் பாத்துக்க" என்று சொல்லி, என்னை ராத்தாவின் பெயரால் கூப்பிட்டார். கூப்பிட்டது அவருக்கே தெரியாது. பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

அல்லாஹ்வே, எனக்கு வந்த கோபம்! அவள் மவுத்தானதற்கு அவர் மட்டுமா அழுதார்? அவருக்கு அவளை மூன்று வருடம்தான் தெரியும். எனக்கு இருபத்தொரு வருடம். ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பால் தலைவாரி வளர்ந்தவர்கள் நாங்கள். அவளுக்காக அழவும் எனக்கு இடமில்லை, அவளில்லாமல் வாழவும் இடமில்லை.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அந்தக் கம்பியூட்டரைப் போட்டேன். சும்மா விளையாட அல்ல. அவளுடைய பெயரை அழிக்கத்தான் உட்கார்ந்தேன். அதை மறைத்து எழுதி என்ன பிரயோசனம்?

முதல் நாளே பத்தாவது வரியைத் தள்ளினேன். பெயர் கேட்டது, என் பெயரை எழுதினேன். பிறகு ஒன்பதாவது, எட்டாவது. சோறு ஆக்கினேன், பிள்ளையைக் குளிப்பாட்டினேன், பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் திரும்பவும் உட்கார்ந்தேன். அவருடைய பெயர் நாலு இடத்தில் இருந்தது, அவளுடையது ஆறு இடத்தில். அவளுடைய வரிகள் ஒவ்வொன்றாக விழுந்தன, ஆனாலும் கை நிற்கவில்லை. நாலாம் நாள் காலையில் ஒன்பது வரியில் என் பெயர் இருந்தது. முதல் வரியில் மட்டும் அவள். அதை வெல்ல எவ்வளவோ பார்த்தும் ஏலவில்லை. கடைசியில் கையை எடுத்தேன். உண்மையில் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. போகட்டும், அவளுடைய ஆகத் திறமான ஆட்டம் அது, முதல் வரியில் அவளே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அன்றைக்குத்தான் யுத்தம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். தெருவில் வெடி கொளுத்தினார்கள். கொடி கட்டிய ஆட்டோக்கள் மேலும் கீழும் ஓடின. சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த தமிழ் ஆட்களின் தையற்கடை மட்டும் திறக்கவில்லை. மச்சான் மத்தியானம் போல வந்து சேர்ந்தார். பையைக்கூட இறக்காமல் மேசைக்குப் போனார். நான் பட்டியலை மூடாமல்தான் வைத்திருந்தேன். அவர் பார்க்க வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன்.

மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நானும் ஏசியிருப்பேன், சொல்ல எல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன்.

"முதலாவது வரிய வெல்ல ஏலல்லயா புள்ள?"

"ஏலல்ல. அது ராத்தாட கை."

"அது அவட கை இல்ல" என்றார். கதிரையில் உட்கார்ந்தார். "நான் அடிச்ச அது."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோளிலிருந்த பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்டைக்கு ஒரு கஸ்டமரும் வரல்ல. சனிக்கிழம நான் அவட முதலாவது இடத்தப் பிடிச்சிட்டன். அவக்குக் கோவம். சோறு போட்டுத் தந்தா, முகம் பாத்துக் கதைக்கல்ல. காலையில வந்து அவட பேர்ல ஒண்டு அடிச்சு மேல வெச்சா, பின்னேரம் கூட்டிட்டு வந்து காட்டலாம், சிரிப்பா எண்டு நெனச்சன். எட்டு மணியாகிட்டு. இன்னும் ஒரு ஆட்டம், இன்னும் ஒரு ஆட்டம் எண்டு இருந்திட்டன். அவட பேர எழுதி முடிக்கக்குள்ள ரோட்டில சனம் கத்திட்டு ஓடுற சத்தம் கேட்டிச்சு."

இல்லாத அந்தக் கஸ்டமருக்கு நான் கேட்ட பதுவா எல்லாம் இத்தனை வருடமாக யார் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்ப ராத்தா அடிச்சது?" என்று கேட்டேன்.

"கீழ கிடந்த அஞ்சும்தான். அதப் பாக்கத்தான் ஒவ்வொரு நாளும் போட்டுப் பாத்த. மேல கிடக்கிறத நான் பாக்கிறதே இல்ல."

அவளுடைய கை பட்டதையெல்லாம் நான் தேடித் தேடித் தள்ளிவிட்டு, அவருடைய அந்த ஒரு காலைப் பொழுதை மட்டும் பத்திரமாக மிச்சம் வைத்திருந்தேன். "பழைய பட்டியலுக்கொரு கொப்பி எடுத்து வெச்சிரிக்கிறீங்களா மச்சான்? எங்கயாச்சும் இரிக்கா?" என்று அழுது கேட்டேன். ஊரிலுள்ள கம்பியூட்டரையெல்லாம் திருத்துகிற மனிதர் இல்லை என்று தலையை ஆட்டினார். அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்து ராத்தாவுக்காக அழுதோம்.

அந்தக் கம்பியூட்டர் இன்னும் கடையில் இருக்கிறது. மகள் எட்டு வயதில் அதில் விளையாடத் தொடங்கினாள். என்னுடைய ஒன்பது வரியையும் ஒன்றொன்றாகத் தள்ளி, எல்லா இடத்திலும் தன் பெயரை எழுதினாள். முதல் வரியை மட்டும் அவளாலும் தாண்ட ஏலவில்லை.

"சாச்சி, எங்கட உம்மா இவ்வளவு கெட்டிக்காரியா?" என்று திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

மச்சான் திருத்திக்கொண்டிருந்த வேலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"ஓம் மகள்" என்றேன். "அது உங்கட உம்மா அடிச்சது."