குளிர் அண்ணன் ஓணானுக்கு வெயில் பார்த்த கதை

என் சகலையைக் கிடங்கில் எல்லோரும் ‘குளிர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மீன் வைக்கிற குளிர்கிடங்கில் அவருக்கு மெஷின் பார்க்கும் வேலை. நான் அதே கிடங்கில் லாரி ஓட்டுகிறேன். அவர் சம்சாரமும் என் சம்சாரமும் அக்கா தங்கச்சி. அதனால் காலையில் சண்டை போட்டாலும் ராத்திரி ஒரே சட்டியில் சாப்பிட்டுத் தொலைய வேண்டிய உறவு.

மனுஷனுக்கு ஒரே கொள்கை. அறை என்றால் மூலைக்கு மூலை ஒரே குளிர் இருக்க வேண்டும். கதவோரம் ஒரு டிகிரி கூடினால் போதும், பல்வலிக்காரன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். சூடு ஏறின மூலையில் ஒரு பெட்டி மீன் நாறினால் கிடங்கே நாறும். அது நியாயம்தான். வினை எங்கே வந்தது என்றால், அந்தக் கொள்கையை அவர் வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போனார்.

அவருடைய ஒரே மகள் ஓணான் வளர்க்கிறாள். வேலியில் ஓடுகிற சாதா ஓணான் இல்லை. முழங்கை நீளம், தாடையின் கீழே தாடி மாதிரி முள். வேலை ஒன்றும் செய்யாது, உட்கார்ந்த இடத்திலிருந்து எல்லோரையும் முறைக்கும். அதனால் நான்தான் ‘மேனேஜர்’ என்று பேர் வைத்தேன்.

மகளுக்கு வேறு ஊர் ஆஸ்பத்திரி லேப்பில் பயிற்சி கிடைத்தது. முழுசாக முடித்தால் வேலை உறுதி. ஹாஸ்டலில் மேனேஜருக்கு இடமில்லை என்பதால், கண்ணாடித் தொட்டியோடு அப்பன் தலையில் கட்டினாள்.

“அப்பா, இது சாப்பிடலைன்னா மறைக்காம சொல்லணும். அன்னிக்கே பஸ் ஏறி வந்துடுவேன்.”

சொன்னால் செய்வாள். பரீட்சை எழுதப் போகிற வழியில் அடிபட்ட பூனையைப் பார்த்துவிட்டு, பரீட்சையை விட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள். அந்த வருஷம் போனது போனதுதான்.

தொட்டியை மாடிக்கு ஏற்றும்போது படித் திருப்பத்தில் இடித்து விளக்கெல்லாம் நொறுங்கிவிட்டது. புதுசு வாங்க, வளர்ப்புப் பிராணிகள் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார் குளிர். கடைக்காரப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள்.

“ஒரு பக்கம் மேல இருந்து பல்பு அடிச்சு நல்லா சுடணும் சார். மறுபக்கம் குளுமையா இருக்கணும். அதுக்கு எப்ப எது வேணுமோ அங்க அதுவே போய்க்கும். வெயிலுக்குப் பதிலா இந்த யூவீ டியூப். இதுக்கும் ஓணானுக்கும் நடுவுல கண்ணாடி வரக்கூடாது, வந்தா பிரயோஜனமில்ல.”

“ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு சூடா? அப்படி ஒரு ரூமை நான் செஞ்சா என்னையும் மீன் பெட்டியில போட்டு அடைச்சிடுவாங்கம்மா.”

“சார், இது மீன் இல்ல.”

“எதுவா இருந்தா என்ன? கெடாம வெச்சுக்க எனக்குத் தெரியும்.”

இதுவரை அவர் கெடாமல் வைத்துக்கொண்டது எல்லாமே செத்த சரக்கு என்று அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை. பல்பு வேண்டாம் என்றுவிட்டார். வெளிச்சம் இல்லாமல் சூடு மட்டும் தருகிற பீங்கான் ஹீட்டர் ஒன்றும் அந்த டியூபும் வாங்கினார்.

மறுநாள் போய்ப் பார்த்தால் தொட்டி குட்டிக் கிடங்காகிவிட்டது. மூன்று பக்கம் தெர்மாகோல். கண்ணாடி மூடி, சுற்றிலும் ரப்பர் பட்டை, காற்றுக்கு இரண்டே ஓட்டை. டியூப் மூடிக்கு மேலே. உள்ளே சூட்டைச் சுற்றிவிட பழைய கம்ப்யூட்டர் ஃபேன். மூலைக்கு ஒரு தெர்மாமீட்டர்.

“பாத்தியா சகல, நாலும் ஒரே கணக்கு! ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது.”

நடுவில் மேனேஜர், சஸ்பெண்ட் ஆனவன் மாதிரி உட்கார்ந்திருந்தார். கண் பாதி மூடியிருந்தது. சாப்பாட்டுக்குப் போட்ட புழு ஒன்று அவர் முதுகில் ஏறி மறுபக்கம் இறங்கிப் போனது. நாக்கு வெளியே வரவில்லை. நாலைந்து நாளாகியும் அதே கதைதான்.

“பொண்ணுகிட்ட சொல்லிடுங்க” என்றாள் அவர் சம்சாரம், அதாவது என் கொழுந்தியாள்.

“சொன்னா பயிற்சியை உதறிட்டு வந்து நிப்பா. அப்புறம் வேலைக்கு யாரைப் போய்க் கேக்கிறது?” என்றவர், மகள் போன் செய்தபோது, “இப்பதான்மா சாப்பிட்டுப் படுத்துச்சு” என்று கூசாமல் புளுகினார்.

பெண் சும்மா இருப்பாளா? “ஞாயித்துக்கிழமை வீடியோல வரேன். அது சாப்பிடறதை நானே பாக்கணும்.”

வெள்ளிக்கிழமை மதியம். சரக்கு ஏறும்வரை நான் கிடங்கு வாசலில் நின்றேன். குளிர் உள்ளேயிருந்து நடுங்கிக்கொண்டே வந்து, வெயிலில் கொதிக்கிற இரும்புக் கதவில் முதுகைச் சாய்த்தார். காய்ந்ததும் என் லாரி நிழலுக்கு வந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி கதவுக்கு. சோற்று டப்பாவும் கூடவே போய்ப் போய் வந்தது.

எனக்கு எரிச்சல். “ஒரு இடத்துல உக்காந்து தின்னுங்கண்ணே! ஓணான் மாதிரி அங்கயும் இங்கயும்...”

வாய்க்குப் போன கை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். டப்பாவை மூடினார்.

“சகல, வண்டியை எடு.”

“சரக்கு ஏறிட்டு இருக்குண்ணே!”

“அப்ப பைக் சாவியைக் குடு.”

வேலையில் சேர்ந்ததிலிருந்து அரை நாள்கூட லீவு எடுக்காத மனுஷன். சாயங்காலம் நானும் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்தப் பெண் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஃபேன் வெச்சீங்களா சார்?”

“சின்ன ஃபேன்தான்மா.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு பல்பை எடுத்துக் கொடுத்தாள். “சுவத்துல அளக்காதீங்க. அது உக்கார்ற கல்லுல அளங்க.”

தெர்மாகோலைப் பிய்த்தோம், ஃபேனைக் கழற்றினோம். கண்ணாடி மூடிக்குப் பதில் நான் கம்பிவலையில் மூடி அடித்தேன். டியூபை வலைக்கு அடியில் உள்பக்கமாகக் கட்டினோம். ஒரு ஓரம் தட்டைக்கல், அதற்கு மேலே பல்பு. மறு ஓரம் வெறும் நிழல். ஒரே தொட்டியில் இரண்டு தெர்மாமீட்டர் இரண்டு விதமாகக் காட்டுவதை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை. சனிக்கிழமை முழுக்கப் பல்பை ஏற்றினார், இறக்கினார். ஏற்றினால் மேனேஜர் கல்லை மதிப்பதில்லை. இறக்கினால் வாயைப் பிளந்துகொண்டு நிழலுக்கு ஓடினார்.

“என்னைக் கட்டினப்ப இவ்வளவு பாத்திருப்பீங்களா?” என்றாள் கொழுந்தியாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் வந்தபோது மேனேஜர் கல்லின் மேல் பப்பரப்பா என்று படுத்திருந்தார். சூடு கிடைத்ததில் தோல் கொஞ்சம் வெளுத்து மஞ்சள் ஏறியிருந்தது. அப்பன் புழுவை இடுக்கியில் நீட்டினார். மேனேஜர் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அப்புறம் ‘சப்’ என்று ஒரு சத்தம், இடுக்கி காலி.

“சாப்பிட்டுச்சுப்பா!”

“பின்ன? தினமும் இதே கூத்துதான்” என்றார் கொஞ்சமும் வெட்கமில்லாமல். நான் இருமினேன். கொழுந்தியாள் சுவரைப் பார்த்தாள்.

மகள் கொஞ்சம் தயங்கினாள். “அப்பா, பயிற்சியை இன்னும் மூணு மாசம் நீட்டிட்டாங்க. மேனேஜரை வேணும்னா இங்க யார் வீட்லயாவது...”

“எதுக்கும்மா? நீ நிதானமா முடிச்சுட்டு வா. எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல.”

“அந்த ‘எங்களுக்கு’ல நான் இருக்கேனா?” என்று கேட்டாள் கொழுந்தியாள்.

அவர் காதில் விழவில்லை. மேனேஜர் கல்லில் ஒரு விரல் தள்ளிப் படுத்துவிட்டார் என்று பல்பை ஒரு விரல் நகர்த்திக்கொண்டிருந்தார்.