டிம் லைற்றுக்கு வந்த தண்டம்

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, சரியாக நினைவில்லை. முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வவுனியாவுக்கு மீன் வான் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. பொழுதுபடக் கரைவலை மீனை ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், தண்ணீரூற்று என்ற ஊரைத் தாண்டும்போது நன்றாக இருட்டிவிடும். அப்படியொரு நாளில்தான் நான் ஒரு பொலிஸ்காரரை வாய்க்காலுக்குள் இறக்கினேன். இடிக்கவில்லை, தொடவும் இல்லை. வெறும் வெளிச்சத்தால்.

ஒரு வளைவு. அதற்கு அப்பால் சைக்கிள் லைற் ஒன்று மரங்களுக்கிடையே மினுங்கியது. அந்த வானில் டிம் அடிக்கும், அதாவது வெளிச்சத்தைத் தாழ்த்தும் பொத்தான் கிளச்சுக்குப் பக்கத்தில் தரையில் இருக்கும். இடது காலால் மிதிக்கவேண்டும். மிதித்தேன். வெளிச்சம் இறங்கியதையும் பார்த்தேன். வளைவு திரும்பியதும், எதிரே வந்த சைக்கிள் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு நேரே வாய்க்காலுக்குள் போனது. ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கினால், காக்கிச் சட்டை! சேறு வழிய நின்ற அந்த இளம் பொலிஸ்காரர் தொப்பியைக்கூடத் தேடவில்லை.

"ஏன் காணும், கலியாண வீட்டுக்கோ இவ்வளவு வெளிச்சம்?"

"டிம் அடிச்சனான் ஐயா."

"இது டிம் எண்டால் உம்மட பெரிய லைற் சந்திரனிலதான் போய் விழும்."

எதிரே வந்தவருக்கு டிம் அடிக்காமல் பெரிய லைற்றோடு வந்ததாக எழுதினார். லைசென்சை வாங்கிக்கொண்டு, கோட்டில் வழக்கு வரும் நாள்வரை ஓட ஒரு துண்டு எழுதித் தந்துவிட்டுப் போனார்.

தண்டம் பெரிய தொகையில்லை. ஒப்புக்கொண்டு கட்டிவிட்டு வா என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால், முன்பிருந்த சாரதி வானை மதகில் கொண்டுபோய் ஏற்றிய நாளிலிருந்து என் முதலாளிக்குச் சாரதிமார் என்றாலே பயம். "தம்பி, கோட்டில குற்றவாளி எண்டு வந்தால் வான் திறப்பைத் தந்திட்டுப் போ. நான் கோவிக்கமாட்டன். ஆனால் திறப்பைத் திரும்பத் தரவும் மாட்டன்" என்றார். வேலையால் நிறுத்துவதை இவ்வளவு மரியாதையாகச் சொன்ன மனிதரை அதற்குப் பிறகு நான் காணவில்லை. வேறு தொழில் எனக்குத் தெரியாது. வழக்குப் பேசத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது.

அதைவிட என்னைத் தின்றது இன்னொரு யோசனை. அந்தப் பொலிஸ்காரர் பொய் சொல்கிற ஆளாகத் தெரியவில்லை. வேண்டுமென்று யார் வாய்க்காலுக்குள் விழுவார்கள்? அப்படியானால் நான் மிதிக்கவில்லையா? என் இடது காலையே நம்பாமல் போனேன். முதலாளியிடம் கேட்டு வானை வீட்டுக்குக் கொண்டுபோய் முற்றத்தில் நிறுத்தி, மனைவியைப் படலையடியில் நிற்கச் சொல்லி மிதித்து மிதித்துப் பார்த்தேன்.

"கூசுதோ?"

"இல்லை."

"இப்ப?"

"இல்லையப்பா. நுளம்புதான் கடிக்குது."

டிம் ஒழுங்காகத்தான் விழுந்தது. ஆறுதல் வருவதற்குப் பதிலாகக் குழப்பம் கூடிவிட்டது.

வழக்கு நாள் வந்தது. சட்டத்தரணி பிடிக்க வசதியில்லை. எனக்குச் சாட்சி, அன்று பக்கத்து இருக்கையில் வந்த மீன் வியாபாரி அக்கா ஒருவர். கழுத்தில் செபமாலையோடு கம்பீரமாகக் கூண்டில் ஏறினார். "லைற் இறங்கினதைக் கண்டீங்களோ?" என்று நீதவான் கேட்டார். "இல்லை ஐயா. நான் கண்ணை மூடிச் செபம் சொல்லிக்கொண்டு வந்தனான். இவர் ஓடேக்க நான் கண் திறக்கிறேல்லை" என்றார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்திருப்பேன், என் வேலை போகும் நிலையில் இல்லாதிருந்தால்.

பொலிஸ்காரர் சத்தியம் செய்து, நடந்ததை நடந்தபடியே சொன்னார். கேள்வி கேட்க விருப்பமா என்று நீதவான் என்னைக் கேட்டார். மடக்கிக் கேட்க எனக்குத் தெரியாது. மனதில் இருந்ததையே கேட்டேன்: "வெளிச்சம் உங்களுக்கு எவ்வளவு உயரத்தில வந்தது ஐயா?"

"கண்ணில அடிச்சு, என்ர தலைக்கு மேலாலயும் போச்சுது. மரக்கொப்பு தெரிஞ்சுது. கொப்பில இருந்த குரங்கும் தெரிஞ்சுது."

மறுபடி சிரிப்பு. ஆனால் நீதவான் சிரிக்கவில்லை. பேனையை வைத்துவிட்டு, "வான் எங்க நிக்குது?" என்றார்.

வான் வெளியேதான் நின்றது. கோட்டு முற்றத்தின் மூலையில் ஒரு பழைய கொட்டகை இருந்தது. பகலிலும் உள்ளே இருட்டு. இடைவேளையில் வானின் முகத்தை அதன் வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். டிம் போட்டேன். பின்சுவரில் முழங்காலுக்குக் கீழே வெளிச்சம் அடக்கமாக விழுந்தது. பெரிய லைற் போட்டேன். கூரைவரை ஏறியது. திரும்ப டிம். எல்லாம் சரி. "இதில பிழை ஒண்டும் இல்லையே" என்றார் நீதவான். பக்கத்தில் நின்ற சார்ஜன்ட் அந்தப் பையனைப் பார்த்த பார்வை எனக்கே சுட்டது. பொலிஸ்காரரின் முகம் வெளிறிவிட்டது. "அண்டைக்கு இப்பிடி இல்லை ஐயா, நான் பொய் சொல்லேல்லை" என்றார்.

நான் வென்றுவிட்டேன். பேசாமல் நின்றாலே போதும். அப்போதுதான் அக்கா என் காதுக்குள், "அண்டைக்கு வான் வெறுமையாவோ வந்தது?" என்றார்.

எனக்குத் திக்கென்றது. ஐஸ் போட்ட மீன்பெட்டிகளை நாங்கள் எப்போதும் வானின் வால்பக்கத்தில், கதவோரமாகத்தான் அடுக்குவோம். முன்னுக்கு அடுக்கினால் உருகுகிற மீன்தண்ணீர் ஓடிவந்து சாரதியின் காலடியில் நிற்கும். பின் ஸ்பிரிங்கோ பழசு. அத்தனை பாரமும் வாலில் என்றால்...

சொன்னால் என் தலையில் நானே மண் போட்டுக்கொள்வதாகவும் முடியலாம். வேறு குற்றம் எழுதலாம். முதலாளி திறப்பைக் கேட்கலாம். நல்லெண்ணத்தில் சொன்னேன் என்றால் அது பொய். அந்தப் பையனுக்காகக் கொஞ்சம் மனம் இரங்கியது உண்மை. ஆனால் அதைவிடப் பெரிது, அறியவேண்டும் என்ற ஆசை. வாய் தானாகத் திறந்துவிட்டது.

"ஐயா, அண்டைக்கு வால் நிறைய மீன் இருந்தது."

நீதவானின் கண் பளிச்சென்றது. மீனுக்கு எங்கே போவது? வழக்குக்காகக் காத்திருந்தவர்களை அக்காதான் வானுக்குள் ஏற்றினார். மாட்டு வழக்குக்காரர், கள்ளு வழக்குக்காரர், எல்லைவேலிக்காக அடிபட்டு எதிரும் புதிருமாக வந்த இருவர், எல்லோரும் முழங்கால் இடிக்க நெருக்கியடித்து இருந்தார்கள்.

"உள்ளுக்குப் போகாதேங்கோ, கதவடியில இருங்கோ! மீன் உள்ளுக்குப் போறேல்லை."

"மீன் இப்பிடி வேர்க்கிறதும் இல்லை அக்கா."

வால் தாழத் தாழ, வானின் மூக்கு நிமிர்ந்தது. முழங்காலுக்குக் கீழே கிடந்த வெளிச்சம் மெல்ல மெல்லச் சுவரில் ஏறி இடுப்பைத் தாண்டியது. நான் மிதித்திருந்தது டிம். சந்தேகம் தீர நீதவான் தானே குனிந்து என் காலடியைப் பார்த்தார். "இவ்வளவு கிட்டவே இவ்வளவு ஏறுது எண்டால், தூரத்தில குரங்கு தெரியாமல் என்ன செய்யும்!" என்றார்.

பொலிஸ்காரர் வெளிச்சத்துக்கு நேரே ஓடிப்போய்க் கண்ணைப் பொத்திக்கொண்டு, "இதுதான் ஐயா! இதேதான்!" என்று கத்தினார். வழக்கில் தோற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் அப்படிச் சந்தோசப்பட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை. எனக்கும் அதே சந்தோசம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம்.

பெரிய லைற் போட்டது நிரூபிக்கப்படவில்லை என்று நீதவான் வழக்கைத் தள்ளிவிட்டார். ஆனால் லைற்றைத் தாழ்த்திப் பொருத்தவேண்டும், ஸ்பிரிங் மாற்றவேண்டும், பாரத்தைப் பிரித்து ஏற்றவேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஸ்பிரிங் வாங்கினார். திறப்பு என்னிடமே இருந்தது. அதற்குப் பிறகு என் காலடியில் எப்போதும் மீன்தண்ணீர்தான். அந்த நாற்றத்துக்கு மனைவி என்னை வாசலிலேயே நிறுத்திக் குளிக்கச் சொல்லுவாள்.

ஒருவர் சொன்னதற்கு நேரெதிராக மற்றவர் சத்தியம் செய்தும், இரண்டுபேரும் உண்மையே சொல்லியிருக்கலாம் என்பதை அன்றுதான் கண்டேன். இன்றைக்கும் யாராவது என் சொல்லை மறுத்தால் முதலில் கோபம்தான் வருகிறது. ஆனால் கோபம் ஆறுமுன்பே, அந்த ஆள் நின்ற இடத்தில் போய் நின்று பார்த்தால் என்ன தெரியுமோ என்ற ஆசையும் வந்துவிடுகிறது.